ஹாங்காங்கிலிருந்து போன சரக்குக்குச் சுங்கம் இருந்தது
ஹாங்காங் வரியில்லாத் துறைமுகம், அதனால் ஆங்கிலேயர் காலத்தில் அங்கிருந்து சீனாவுக்குப் போன சரக்குக்குச் சுங்கமே கிடையாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, 1841 முதல் அப்படித்தான். ஆனால் அந்தச் சலுகை ஹாங்காங் கரையோடு முடிந்தது. 1887-இல் சீனக் கடல் சுங்கத்துறை ‘கௌலூன் சுங்கம்’ என்ற அலுவலகத்தைத் தொடங்கி, காலனியைச் சுற்றியிருந்த தீவுகளிலேயே பாய்மரக் கப்பல்களை நிறுத்தி அபினிக்கும் மற்ற சரக்குக்கும் வரி வாங்கியது. (கடத்தலும் நடந்தது, அது வேறு கதை.)

நீங்களே சரிபார்க்கலாம். ஹாங்காங் அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னங்களின் பட்டியலில் ஃபத் தாவ் சாவ் தீவுச் சுங்கச் சாவடியின் இடிபாடுகள் இருக்கின்றன. மா வான் தீவுக்குப் போனால், ‘கௌலூன் சுங்கம்’ என்று சீன எழுத்தில் செதுக்கிய கல்லையே பார்க்கலாம்.