மலையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த மேசையைப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பையனுக்கா?" எனக்குப் பையன் இல்லை. இரண்டு பெண்கள், இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மேசையும், அதன்மேல் கிடக்கும் 6 அடிக்கு 4 அடிப் பலகையும், பலகைமேல் நிற்கும் ரப்பர் தோட்டமும், அதற்குள் பதுங்கியிருக்கும் கட்டைவிரல் கணு உயரச் சிப்பாய்களும் 43 வயதான என்னுடையவை. மலேசியாவின் பினாங்கில், பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் விருந்தாளிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. இப்போது இல்லை. இதைப் பற்றி மனைவி என்ன நினைக்கிறார் என்பதை அவரே தனிப் பதிவாகப் போடட்டும்.

தெரியாதவர்களுக்கு: சின்னப் படைவீரர் பொம்மைகளை வாங்கி, ஒட்டி, சாயம் பூசி, மேசையையே போர்க்களமாக்கி, இஞ்சுக் கோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு இது. வார்ஹாமர் என்ற பெயர் சிலர் காதில் விழுந்திருக்கும். இங்கிலாந்துக்காரர்கள் 1983-இல் கொண்டுவந்தது. அதன் விண்வெளிப் பதிப்பு 1987-இல் வந்தது. அது இல்லாமல் நெப்போலியன் காலம், ரோமானியர், இரண்டாம் உலகப் போர் என்று ஏகப்பட்ட வகை உண்டு. நான் கடைசி ரகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொம்மைகளை வாங்குங்கள், தப்பே இல்லை. 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைக்குக் கண்ணும் மூக்கும் வைத்து ஒரு முகத்தைச் செதுக்க நம்மால் முடியாது. ஆனால் அவர்கள் நின்று சண்டை போடும் நிலத்தைக் கடையில் வாங்காதீர்கள். போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் நண்பர் ஒருவர் இடிந்த தேவாலயம் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். வார்ப்பு பிரமாதம். விலையைக் கேட்டு எனக்கு வாய் அடைத்துப் போனது, எங்கள் வீட்டு இரண்டு வார மளிகை அது. எடுத்து வைத்தோம். அதே தேவாலயத்தை, அதே உடைந்த சன்னலோடு, உலகத்தில் ஆயிரம் மேசைகளில் பார்த்துவிட்டோம். வெளியே சாயங்கால வெயிலில் பினாங்குப் பாலம் தெரிகிறது, கீழே ஒட்டுக்கடையில் சார் கொய் தியாவ் புரட்டும் வாசனை வருகிறது, மேசைமேல் மட்டும் எப்போதும் ஐரோப்பாக் குளிர்காலம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த விளையாட்டு பிறந்ததே நிலத்துக்காகத்தான். சதுரங்கத்தில் யானை, குதிரை, தேர், காலாள் எல்லாம் உண்டு. மேடு பள்ளம் கிடையாது. 1780-இல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தைப் பெரிதாக்கி, கட்டங்களுக்குத் தனித்தனி நிறம் கொடுத்து, இது காடு, இது ஆறு என்று பிரித்தார். 1812-இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் அந்தக் கட்டங்களையும் தூக்கி எறிந்துவிட்டு, மலை, ஆறு, சாலை எல்லாம் செதுக்கிய வில்லைகளை இடம் மாற்றி அடுக்கும்படி ஒரு மேசை செய்து அரசரிடம் கொடுத்தார். அவர் மகன்தான் 1824-இல் அதை இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றபடி ஆக்கினார். எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் பொம்மைப் படைகளுக்கு விதிகள் எழுதியபோது, அவருடைய காட்டுக்கு மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மரத்திலிருந்து ஒடித்த சுள்ளிகள். நாம் மட்டும் கடன் அட்டையை நீட்டுகிறோம்.

"வயசான காலத்தில் பொம்மை விளையாட்டா" என்று கேட்பவர்களிடம் நான் கொலுவைத்தான் காட்டுவேன். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமில்லை. சின்ன வயதில் நவராத்திரிக்குக் கோயில் கொலுவைப் பார்க்கப் போவோம். படியில் இருக்கும் சாமிகளை எல்லாரும் கும்பிடுவார்கள். நான் கீழே, தரையில் போட்டிருக்கும் பூங்காவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகியிருக்கும், அதில் பிளாஸ்டிக் வாத்து. மண்ணில் கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்த புல். செங்கல் தூளில் பாதை. அந்தப் பாட்டிகளை யாராவது "பொம்மை வைத்து விளையாடுகிறாயே" என்று கேட்டதுண்டா? அவர்களில் ஒருவர் கேழ்வரகை முதல் நாளே ஊறவைக்க வேண்டும், அப்போதுதான் புல் ஒரே சீராக எழும் என்று எனக்குச் சொன்னார். டெர்ரெய்ன், அதாவது மேசைக்கு நிலம் செய்யும் வேலையில், நான் கற்ற முதல் பாடம் அது.

இப்போது கையாலேயே செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு, நான் பாழாக்கியவற்றிலிருந்து சில.

மீன் சந்தையில் வீசி எறியும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, உருண்டை உருண்டையாக உதிரும் பாலிஸ்டைரின், அதில்தான் முதல் மலையைச் செய்தேன். எவ்வளவு கழுவினாலும் வெயில் ஏறினால் கெம்போங் மீன் வாசம் வரும். அதையும் பொறுத்துக்கொண்டு, செதுக்கி முடித்து, அழகாக வரவேண்டுமென்று ஸ்பிரே பெயிண்டை அடித்தேன். அடித்த இடமெல்லாம் கண்ணெதிரே உள்வாங்கியது. ஐந்து நிமிடத்தில் மலை, தொழுநோய் வந்த வாழைப்பூ மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் அந்த நுரையைத் தின்றுவிடும். சூப்பர் குளூவும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைப் பசையைச் சாயத்தோடு குழைத்து இரண்டு கை பூசிவிட்டால் ஓடு மாதிரி காய்ந்து நுரையைக் காப்பாற்றும். அதற்குமேல் தூரிகையால் பூசுங்கள். இன்னும் நல்லது, கட்டுமானச் சாமான் கடையில் வெப்பத் தடுப்புக்கு விற்கும் அடர்த்தியான நுரைப்பலகை. உதிராது, கத்தி வழுக்கிக்கொண்டு போகும், பென்சிலால் அழுத்தினாலே செங்கல் வரி விழும். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மின்பொருள் பொதிக்கும் இளஞ்சிவப்பு நுரையை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போடுவார்கள். ஆசைப்பட்டு அள்ளி வந்துவிடாதீர்கள். அது பாலிஎதிலீன், எந்தப் பசையும் பிடிக்காது.

அப்புறம் நம் ஊர் ஈரம். வெள்ளைக்காரர்கள் போடும் காணொளிகளில் இதை யாரும் சொல்வதில்லை. மழை விட்ட சாயங்காலத்தில் பிரைமர் என்கிற அடிச்சாயத்தை அடித்தால் பொம்மைமேல் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளையாகும். காலை 11 மணி வெயிலில்தான் அடிக்க வேண்டும். மெல்லிய அட்டையில் அடிப்பலகை செய்தால் ஒரே மாதத்தில் அப்பளம் போல வளையும். ஒரு பக்கம் மட்டும் பசையும் சாயமும் பூசினால் இன்னும் மோசம், அடிப்பக்கமும் பூசுங்கள். குடித்து முடித்த தேயிலையைக் காயவைத்துச் சருகாகத் தூவலாம், ரொம்ப இயற்கையாக இருக்கும். அரைகுறையாகக் காய்ந்ததைத் தூவிவிட்டு மூடி வைத்தேன், மூன்றாம் வாரம் காடு முழுக்கப் பஞ்சு போலப் பூஞ்சை. இப்போது வறுத்துவிட்டுத்தான் தூவுகிறேன். தெலுக் பாஹாங் கடற்கரை மணலை மூன்று தண்ணீரில் அலசாமல் ஒட்டினால், உப்பு ஈரத்தை இழுத்து என்றைக்கும் பிசுபிசுவென்று இருக்கும். துருப்பிடித்த தகரக் கூரைக்கு மஞ்சள்தூள் கலந்து பார்த்தேன், முதல் வாரம் அற்புதம், சன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதத்தில் வெளுத்துப் போனது. தகரத்துக்கு மட்டும் சுலபவழி உண்டு: சமையல் அலுமினியத் தாளைச் சீப்பின்மேல் வைத்து நகத்தால் அழுத்துங்கள். லயத்து வீட்டுக் கூரை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக் கூரை, தயார்.

லயம் என்றதும் அம்மாவைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணம் வரை பால் மரம் சீவியவர். அந்தப் பக்கத்தில்தான் 1941 டிசம்பர் 14, 15-இல் குருனில் சண்டை நடந்தது. ஜித்ராவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவினர் அங்கே எதிர்த்து நின்று பார்த்தார்கள், ஜப்பான் டாங்கிகள் பெருஞ்சாலை வழியே உடைத்துக்கொண்டு வந்துவிட்டன. நான் செய்ய நினைத்தது அந்த நிலம். மரங்களுக்குப் பழைய மின்கம்பியின் செம்பு இழைகளை முறுக்கி, மேலே பீர்க்கங்கூட்டைப் பிய்த்து வைத்து, பச்சை அடித்தேன். 60 அடி ரப்பர் மரம் இந்த அளவுக்கு ஓர் அடிக்கு மேல் வரும். அப்படி வைத்தால் கை உள்ளே போகாது, அதனால் அரை அடியாகக் குறைத்துக்கொண்டேன். மரத்துக்கு மரம் சீவிய கோட்டையும் மெனக்கெட்டு வரைந்தேன். 48 மரம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "என்னடா, எல்லா மரத்தையும் தலைகீழா வெட்டி வச்சிருக்க?"

கோடு இடப்பக்கம் உயரத்தில் ஆரம்பித்து வலப்பக்கம் தாழ இறங்க வேண்டுமாம். நான் மாற்றி வரைந்திருந்தேன். "இப்படி வெட்டுனா பால் கம்மியாதான் வரும். கங்காணி அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பான்." பிறகு தேடிப் படித்தேன், அம்மா சொன்னது சரி. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறாமல் சாய்ந்து சுற்றிக்கொண்டு போகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும். தேயிலைச் சருகைப் பார்த்தும் ஒரு குறை சொன்னார்: இலை கொட்டுவது சீனப் பெருநாள் சமயத்தில், டிசம்பரில் இப்படிச் சருகு கிடக்காது. "மங்கு எங்கடா?" என்றார், மரத்தில் பால் வடியும் கிண்ணத்தைத்தான். வயர் தோலைக் குண்டூசித் தலை அளவுக்கு நறுக்கி, பாதியாகப் பிளந்து, 48 மங்கு ஒட்டினோம். ஒட்டியது அம்மா. இடுக்கியைப் பிடித்த கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

இதெல்லாம் அழகு, சரி. ஆனால் அடுத்து அவர் சொன்னது ஆட்டத்தையே மாற்றிவிட்டது. நான் மரங்களைக் காடு போல அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டிருந்தேன், விதிப்புத்தகத்தில் உள்ள படமும் அப்படித்தான். அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி நிரை நிரையாக நட்டார். "கங்காணி எல்லா மரத்துக்கும் நடந்து போவான்னு நெனச்சியா? நிரை முனையில நின்னுக்கிட்டே யாரு எந்த மரத்துல இருக்கான்னு பார்த்துடுவான். நாங்க பக்கத்து நிரைக்குத் தாண்டுனாத்தான் தெரியாது."

எங்கள் விதிப்புத்தகத்தில் காடு என்றால் காடு. இத்தனை இஞ்சுக்கு மேல் பார்வை போகாது, வாகனம் நுழையாது, அவ்வளவுதான். ரப்பர் தோட்டம் அப்படிப்பட்ட இடமே இல்லை. நிரை வழியே பார்த்தால் துப்பாக்கி எட்டும் தூரம் வரை தெரியும், குறுக்கே பார்த்தால் மரம் மறைக்கும். மரங்களுக்கு நடுவே டாங்கியே போகலாம். மலாயாவில் டாங்கி உதவாது என்று நினைத்த பிரிட்டிஷாரிடம் அன்றைக்கு ஒரு டாங்கிகூட இல்லை. அடர்காடு என்று வரைபடத்தில் பச்சையைப் பார்த்தவர்களுக்கும், விடியுமுன் எழுந்து அந்த நிரைக்குள் நடந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இது. இப்போது எங்கள் மேசையில் கங்காணி விதி என்று ஒன்று உண்டு: நிரை முனையில் நிற்கும் துப்பாக்கிக்காரனுக்கு அந்த நிரை முழுக்கத் திறந்தவெளி. தேவாலயம் வாங்கிய நண்பர் முதல் ஆட்டத்திலேயே ஒரு முழுப் பிரிவை நிரைக்குள் வரிசையாக நடக்கவிட்டு ஒரே சுற்றில் இழந்தார். முறைத்தார். அடுத்த ஆட்டத்தில் குறுக்கே தாண்டித் தாண்டி வந்தார், அந்தக் காலத்தில் வேலைக்கு டிமிக்கி கொடுத்தவர்கள் மாதிரி.

எந்தக் கடைப் பெட்டியிலும் இந்த விதி வராது என்பதுதான் என் கட்சி. நிலத்தைக் கையால் செய்யும்போதுதான் இங்கே நின்றால் என்ன தெரியும், மழையில் எங்கே சேறாகும் என்று கேள்வி வரும். பதில் சொல்ல ஆள் வீட்டிலேயே இருப்பார்.

போரை விளையாட்டாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். எனக்கும் உறுத்தல் உண்டு, மறைக்கவில்லை. பாட்டியின் அண்ணன், போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் கூலிகளை வைத்துப் போட்ட சயாம்-பர்மா ரயில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அந்த ரயில் பாதையை நான் மேசையில் வைக்க மாட்டேன். அதில் உருட்டுவதற்குப் பகடை இல்லை. லயத்து வீடுகளில் சிவில் ஆட்களின் பொம்மைகளையும் வைப்பதில்லை, சண்டை வருமுன் எல்லாரும் போய்விட்டதாக வைத்துக்கொள்கிறோம். உண்மையில் எல்லாராலும் போக முடிந்ததா? இல்லை. பினாங்கிலிருந்தே ஐரோப்பியர்களைத்தானே இரவோடு இரவாகக் கப்பலேற்றினார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் கடைசியில் இறக்கியது ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, ஓர் இலங்கைத் தமிழர். அந்தக் கோட்டையை ஒருநாள் செய்ய வேண்டும் என்று நுரைப்பலகை எடுத்து வைத்திருக்கிறேன், சண்டைக்காக இல்லை, சும்மா பார்க்க.

லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில் ஒரு பை நிறையப் பழைய பிளாஸ்டிக் சிப்பாய்கள் கிடைத்தால் நானும் பேரம் பேசி வாங்கத்தான் செய்வேன். சாயம் பூசாமல் அலமாரியில் 200 பேர் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் புத்தி சொல்ல அருகதை இல்லை.

போன வாரம் அம்மா மறுபடி குனிந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பார் என்று நினைத்தேன். "நிரைக் கடைசியில முனியாண்டி சாமி இல்லாம என்னடா தோட்டம்?" என்றார். 28 மில்லிமீட்டரில் முனியாண்டி சாமியை எந்த நாட்டுக்காரனும் விற்பதில்லை. ரோமானியக் குதிரை வீரன் ஒருவனை வெட்டி, அரிவாளை ஈர்க்குச்சியில் செதுக்கி, எபாக்சி மாவில் தலைப்பாகை சுற்றிவிட்டேன். மீசைதான் மூன்று தடவை ஒட்டியும் நிற்க மாட்டேன் என்கிறது.