தாத்தா யாரோடு சண்டை போட்டார்?

போன வாரம் எங்கள் பகுதிக் கோயில் மலருக்குப் பிழை திருத்தித் தரச்சொல்லி ஒரு தம்பி நாற்பது பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஆங்கிலத்தில் எழுதி வாங்கியதை போனிலேயே தமிழாக்கிவிட்டார்களாம். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்கக்கா, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றான். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறவளுக்கு வருஷத்தில் நாலு தடவை இப்படி வேலை வரும், சரி என்று காபியோடு உட்கார்ந்தேன். பதினேழாம் பக்கத்தில் என் தாத்தா இருந்தார். 'இவர் 1946இல் தமது பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டையிட்டு ஒரு மாதம் சிறை சென்றார்.'

காபி புரையேறிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1946இல் இங்கே பிரதமர் ஸ்மட்ஸின் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, டர்பன் இருக்கிற நேட்டால் மாகாணத்தில் இந்தியர்கள் இன்ன இடத்தில்தான் நிலம் வாங்கலாம், இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கெட்டோ சட்டம். ஜூன் 13ஆம் தேதி டர்பனில் உம்பிலோ ரோடும் கேல் தெருவும் சந்திக்கிற மூலையில், காலி நிலத்தில், கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கர் முன்னால் நின்றார். ராத்திரியில் வெள்ளைக்காரப் பையன்கள் கூட்டமாக வந்து கூடாரத்தைப் பிடுங்கி எறிந்து அடித்தார்கள், இவர்கள் திருப்பி அடிக்கவில்லை. சுமார் இரண்டாயிரம் பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அதில் தாத்தாவும் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார்கள். கையை ஓங்காமல் அடி வாங்கிவிட்டு உள்ளே போன மனுஷனை, வேலித் தகராறில் அண்டை வீட்டுக்காரனின் மண்டையை உடைத்துவிட்டுக் கம்பி எண்ணியவராக ஆக்கி, கீழே பொட்டு வைத்த போட்டோவும் போட்டிருந்தது.

மூல ஆங்கிலத்தைக் கேட்டு வாங்கினேன். பிழையே இல்லை. 'ஹி ஃபாட் வித் ஹிஸ் நெய்பர்' என்று இருந்தது. எழுதியவர் நினைத்தது பக்கத்து வீட்டுக்காரரோடு தோள் சேர்ந்து நின்றார் என்பது. போன் புரிந்துகொண்டது பக்கத்து வீட்டுக்காரரை எதிர்த்து நின்றார் என்பது. இரண்டுமே ஆங்கிலத்தில் நியாயமான அர்த்தம்தான், அதுதான் வேடிக்கை. போனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இந்த ஃபைட் என்ற சொல்லை நாம் சின்ன வயதிலிருந்து சாப்பாட்டில் உப்பு மாதிரி உபயோகிக்கிறோம், ஒருநாளும் கவனிப்பதில்லை. கவனித்தால் தலை சுற்றும். நம் ஊர் சரித்திரத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 'லூயிஸ் போத்தா ஃபாட் வித் த பிரிட்டிஷ்' என்று எழுதினால் எந்த வருஷத்தைச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். 1899 முதல் 1902 வரை அவர் போயர்களின், அதாவது இங்கே குடியேறிய டச்சு வம்சத்தாரின், படைத் தளபதி, பிரிட்டிஷ்காரர்களை எதிர்த்தவர். 1915இல் அதே மனிதர் தென்னாப்பிரிக்கப் பிரதமராகப் படையை நடத்திக்கொண்டு பிரிட்டிஷ்காரர்கள் பக்கம் நின்று, இன்றைக்கு நமீபியா என்கிறோமே, அந்த ஜெர்மன் காலனியைப் பிடித்தார். ஒரே ஆள், ஒரே வாக்கியம், எதிரும் புதிருமாக இரண்டு உண்மை. அந்த போயர் யுத்தத்திலேயே நம் ஆட்கள் ஆயிரத்து நூறு பேர் காந்தியோடு சேர்ந்து காயம்பட்டவர்களைத் தூளியில் தூக்கினார்கள், அதில் பெரும்பாலானவர்கள் கரும்புத் தோட்டத்துக் கூலிகள். யுத்தத்துக்குப் போனார்கள், ஆனால் யாரோடும் ஃபைட் பண்ணவில்லை. எந்த வித்-உம் ஒட்டாத ஒரே கூட்டம் அவர்கள்தான்.

அந்தச் சொல்லின் பின்னால் நிற்கிற குட்டிச் சொல்தான் எல்லா வேலையும் செய்கிறது, நம்மைக் கவிழ்ப்பதும் அதுதான். 'ஃபார்' என்று வந்தால் இங்கிலாந்துக்காக, நிலம் வேண்டும் என்பதற்காக, இல்லையென்றால் சும்மா இரண்டு மணி நேரமாக. 'ஓவர்' வந்தால் ஏதோ ஒரு சொத்து நடுவில் கிடக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் அண்ணன் தம்பி. 'பேக்' வந்தால் திருப்பி அடிப்பது, ஆனால் கண்ணீர் கூட வந்தால் அடக்கிக்கொள்வது. 'ஷை' என்று ஒட்டினால் சண்டையே காணாமல் போய், ஒதுங்கிக் கொள்வது என்று ஆகிவிடும்! வகுப்பில் ஒரு பையன் அதை 'வெட்கத்தோடு சண்டை போட்டான்' என்று எழுதினான், நான் அவனுக்கு அரை மார்க் கொடுத்தேன், அந்தக் காட்சி நன்றாக இருந்ததால்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம். ஃபைட் வந்தால் உடனே தமிழில் எழுதாதே, முதலில் கையால் அடித்தார்களா என்று கேள், அப்புறம் யார் எந்தப் பக்கம் என்று கேள். அடிதடி, கைகலப்பு, வாய்ச்சண்டை, தகராறு, மல்லுக்கட்டு, போர், போராட்டம், வழக்காடுதல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிடலாம். நமக்கோ தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நடப்பதற்கே தனியாகக் குழாயடிச் சண்டை என்று பெயர் உண்டு. புருஷன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது சண்டையே இல்லை, ஊடல். வள்ளுவர் குறளையே அதில்தான் முடித்தார். அந்தக் காலத்து இலக்கணக்காரர்கள் மாட்டைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளேயிருந்து காத்தால் நொச்சி என்று எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். போத்தா பாடு அங்கே செல்லாது.

இதைப் படித்ததும் 'ஆகா, தமிழில் இல்லாத சொல்லா' என்று கமெண்ட் போட விரல் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் உடனே 'சண்டையிட்டு' என்பதை அடித்துவிட்டு 'பக்கத்து வீட்டுக்காரரோடு போராடி' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். இன்னும் மோசம். நோயோடு போராடினார், வறுமையோடு போராடினார் என்கிறோமே, அங்கேயும் அந்த 'ஓடு' எதிரிக்குத்தான் ஒட்டுகிறது. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் காசநோய் மாதிரி ஆகிவிட்டார். 'சேர்ந்து' என்று ஒரு சொல் போட்டால்தான் தமிழில் அவர் நம் பக்கத்துக்கு வருகிறார். ஆக ஓட்டை நம் பக்கமும் இருக்கிறது, என்ன, நாம் அதை அடைக்க ஒரு சொல் வைத்திருக்கிறோம், அதைப் போட மறந்தால் தாத்தா ரவுடி.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலத்தில் தீயை ஃபைட் பண்ணலாம், குற்றத்தை ஃபைட் பண்ணலாம், கொசுவைக்கூட. தமிழில் தீயோடு யாரும் சண்டை போடுவதில்லை, அணைக்கிறார்கள். அதனால் தீயணைப்பு. மலேரியா ஒழிப்பு, மது விலக்கு. ஆங்கிலம் முயற்சியைச் சொல்கிறது, நாம் முடிவைச் சொல்லிவிடுகிறோம், முடிந்ததோ இல்லையோ. இப்போது வருகிற தமிழ்ச் செய்திகளில் எதை எடுத்தாலும் 'எதிரான போர்', 'எதிரான போராட்டம்' என்று படிக்கும்போது எனக்குக் கண் எரிகிறது. ஊழலுக்கு எதிரான போர், பிளாஸ்டிக்குக்கு எதிரான போர், தலைப்பொடுகுக்கு எதிரான போர். ஷாம்பூ பாட்டிலில் நிஜமாகப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். டர்பனில் நாம் பேசுகிற இங்கிலீஷ் தமிழ்ச் சேலை கட்டிய இங்கிலீஷ் என்பது உங்களுக்குத் தெரியும். 'என்கிட்ட சண்டை போட்டாங்க' என்பதை அப்படியே எடுத்து வைத்து, யாராவது ஏசினாலும் 'ஷீ ஃபாட் வித் மீ' என்போம். என் பேத்திக்கு ஆறு வயசு இருக்கும்போது ஸ்கூலில் டீச்சர் ஏன் சோர்ந்து இருக்கிறாய் என்று கேட்க, இவள் 'மை ஆயா ஃபைட்ஸ் வித் மீ எவ்ரி மார்னிங்' என்று சொல்லியிருக்கிறாள். அந்த டீச்சருக்கு நம் பேச்சு பழக்கமில்லை. குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளுக்கு போன் போட்டார்கள். மறுநாள் நானும் போனேன். ஆறடி உயர ஆயாவை எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலை பின்னும்போது ஆடாதே என்று கத்துவதைத்தான் சொன்னாள் என்று விளக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

ஆப்ரிக்கான்ஸ், அதாவது டச்சிலிருந்து இங்கே கிளைத்த மொழி, தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லில் இன்னொரு ருசி உண்டு. ஃபைட்டில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்து சும்மா தூங்குகிறதே ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு காலத்தில் அது தூங்கவில்லை, தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு ஓசை அதற்கு இருந்தது. ஆங்கிலேயர் விட்டுவிட்டார்கள், இந்தப் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நைட் என்பதற்கு நாஹ், லைட் என்பதற்கு லிஹ், ஃபைட் என்பதற்கு ஃபெஹ். ஆனால் தெருவில் பையன்கள் கட்டிப் புரண்டால் ஃபெஹ் என்று யார் சொல்கிறார்கள், பக்லேய் என்றுதான் சொல்வார்கள். அது மலாய்க்காரர்களின் பெர்க்கலாஹி, டச்சுக்காரர்கள் அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவந்த ஜனங்களின் வாயோடு வந்தது. எனக்கு அந்தக் கலாஹி ஒவ்வொரு தடவையும் கலகம் என்றே காதில் விழுகிறது.

சொல் கிடைக்காமல் திண்டாடியது நாம் மட்டும் இல்லை. டிரான்ஸ்வால் மாகாணத்தில் இந்தியர்கள் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்தபோது அதற்கு ஆங்கிலத்தில் 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்றுதான் சொன்னார்கள். காந்திக்கு அது பிடிக்கவில்லை, பலமில்லாதவன் வேறு வழியில்லாமல் செய்கிறது மாதிரி கேட்கிறது என்று. இந்தியன் ஒப்பினியன் பத்திரிகையில் பரிசு அறிவித்து வேறு பெயர் கேட்டார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்ப, அதைத் தட்டிச் சீராக்கிச் சத்தியாக்கிரகம் என்று 1908இல் வைத்தார்கள். அந்தச் சொல் இந்த மண்ணில் பிறந்தது, இந்தியாவுக்குப் பிற்பாடுதான் கப்பல் ஏறியது. அதற்குள் தமிழர்கள் எத்தனை பேர்! மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு, மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று காந்தியே எழுதியிருக்கிறார், அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு எத்தனை முறை ஜெயிலுக்குப் போனார். 1908 பிப்ரவரி 10ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியை வழிமறித்து அடித்தபோது கூட இருந்து அவரும் அடி வாங்கினார். தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்துபோனபோது வயது பதினாறு. அந்தப் பிள்ளைக்கு ஃபைட்டர் என்று எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சண்டைக்காரி என்று மொழிபெயர்த்தால் இருக்கிறது.

சரி, மலருக்கு வருகிறேன். கடைசியாக இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'பக்கத்து வீட்டு நண்பரோடு சேர்ந்து 1946 அறப்போரில் இறங்கி ஒரு மாதம் சிறையில் இருந்தார்.' தம்பி கட்டைவிரல் போட்டான். ஆங்கிலப் பக்கத்தையும் 'அலாங்சைட்' என்று மாற்றச் சொன்னேன், அது ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.

மனசு கேட்காமல் மெர்பேங்கில் இருக்கிற அத்தையிடம் போய் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். தாத்தாவின் கடைசி மகள், எண்பத்தெட்டு வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம், மற்றதெல்லாம் கணக்குச் சுத்தம். போன் எழுதின வாக்கியத்தைக் கேட்டதும் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அதுல என்னடி தப்பு?" என்றார். "ஜெயில்லேர்ந்து ஒண்ணா வந்தாங்க, வந்த மாசமே முருங்கை மரத்துக்காகச் சண்டை போட்டாங்க. மரம் அவங்க வீட்டுல, கிளை நம்ம வீட்டுல. கேட்டோ மேனர்ல அந்தத் தெருவுக்கே தெரியும்."

அப்புறம் இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் எல்லாரையும் கிளப்பினார்கள். தாத்தாவுக்குச் சாட்ஸ்வொர்த், பக்கத்து வீட்டுக்காரருக்கு மெர்பேங்க். மரம் புல்டோசரில் போயிற்று. தாத்தா ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவாராம், எங்கே என்று ஆயா கேட்டால் 'அவன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரேன்' என்பாராம். இரண்டு பஸ் மாறிப் போய், சத்தம் போட்டுவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவாராம்.