வெல்ஃபெயார் எடுக்கிற ஆக்கள்

போன சனிக்கிழமை, கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரான மார்க்கத்தில் ஒரு சாமத்திய வீடு. எங்கள் மேசையில் எட்டுப் பேர். ரோல்ஸ் தட்டு வந்த கையோடு, வருமானம் இல்லாத ஆக்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிக் காசைப் பற்றி ஒரு அண்ணர் தொடங்கினார். "இந்த வெல்ஃபெயார் எடுக்கிற ஆக்களை எல்லாம் பிடிச்சு வேலைக்கு அனுப்ப வேணும். நாங்கள் டக்ஸ் கட்டுறம், அவை வீட்டில இருந்து நாடகம் பாக்கினம்." நாலு பேர் தலையாட்டினார்கள். நான் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். சாமத்திய வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாது என்று மனைவி காரிலேயே சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த அண்ணரை எனக்கு 1992 இலிருந்து தெரியும். ரொறன்ரோவில் பார்லிமென்ட், வெலஸ்லி வீதிப் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் ஏழு பொடியள் இருந்தோம். அவர் ஹோலில் படுப்பார், நான் பல்கனிக் கதவுக்குக் கிட்ட. மாத முடிவில் வெல்ஃபெயார் காசு வரும் நாளில் கீழே தபால் பெட்டியடியில் யார் முதலில் போய் நிற்பது என்று போட்டி. வந்த காசில் வாடகை, அரிசி, கனடா வர ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க வாங்கிய கடன். அந்தத் தபால் உறை இல்லாமல் அந்த மேசையில் இருந்த பாதிப் பேர் இன்றைக்கு மார்க்கத்தில் வீடு வாங்கியிருக்க மாட்டோம். அவர் அதை மறந்தது பரவாயில்லை. ஆனால் இந்தக் காசோடு என்னென்ன நிபந்தனைகள் வருகின்றன என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

வெல்ஃபெயார் என்று நாங்கள் சொல்வதன் இன்றைய பெயர் ஒன்ராறியோ வேர்க்ஸ். 1997 ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் மாகாணத்தினுடையது, காசு கொடுப்பதும் கேள்வி கேட்பதும் அந்தந்த ஊர் நிர்வாகம். பெயரிலேயே வேலையை வைத்திருக்கிறார்கள். வேலை தேடுவேன், பயிற்சிக்குப் போவேன் என்று ஒப்புக்கொள்ளாமல் பொதுவாகக் காசு வராது. நியாயமான காரணம் இல்லாமல் விலகினால் வெட்டு. வேலைக்கு அனுப்ப வேணும் என்று அண்ணர் கேட்டதை 1997 இலேயே சட்டமாக்கி விட்டார்கள்.

தனி ஆளுக்கு இதில் கிடைப்பது மாதம் 733 டொலர். சாப்பாடு, உடுப்பு, பஸ்ஸுக்கு 343, வாடகைக்கு 390. 390 டொலருக்கு ஸ்காபரோவில் எந்த பேஸ்மென்டில் அறை இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானே நாலு பேரை அனுப்பி வைக்கிறேன். 2018 இலிருந்து இந்தத் தொகை அசையவில்லை. 2025 அக்டோபரில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 ஆனது. அந்தக் கணக்கில் 733 டொலர் கிட்டத்தட்ட ஒரு கிழமை முழுநேர வேலைச் சம்பளம். அதை வைத்து ஒரு மாதம் ஓட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1995 இல் மைக் ஹாரிஸ் ஒன்ராறியோ மாகாண முதல்வராக வந்த கையோடு வெல்ஃபெயாரில் 21.6 வீதத்தை வெட்டினார். வெட்டுவதற்கு முன் தனி ஆளுக்கு 663 டொலர், வெட்டிய பின் 520. அப்போதைய சமூக சேவை அமைச்சர் டேவிட் சுபூச்சி, நெளிந்த டப்பா மீனைக் கடைக்காரரிடம் பேரம் பேசி 69 சதத்துக்கு வாங்கலாம் என்று புத்தி சொன்னார். மாதம் 90 டொலர் அளவில் எப்படிச் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியலும் வெளிவந்தது. எங்கள் அப்பார்ட்மென்டில் அப்போது மீன் டப்பாதான் கறி. நெளிந்ததா நெளியாததா என்று யார் பார்த்தது! 663 எங்கே, 733 எங்கே? முப்பது வருடத்தில் எழுபது டொலர் ஏறியிருக்கிறது.

சரி, நிபந்தனைகளுக்கு வருகிறேன். நான் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று பேரோடு வெல்ஃபெயார் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கப் போகிறவன். சம்பளத்துக்கு இல்லை, கோயிலில் பழக்கமானவர்கள் கேட்டால் போவேன். அதில் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றி.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. தொழிற்சாலையில் முதுகு போய் நின்றுவிட்டவர். வங்கிக் கணக்கு விவரங்களைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவின் கோப்பைப் பார்க்கும் கேஸ் வேர்க்கர் ஒரு இளம் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். கையில் மஞ்சள் ஹைலைட்டர். ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் பத்து வரிகள், ஒவ்வொன்றும் 200 டொலர். பத்தையும் மஞ்சள் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவர்கள் யார்?

"சீட்டு" என்றார் அக்கா.

அதை நான் எப்படி ஆங்கிலத்தில் சொல்ல? பத்துப் பேர் மாதம் 200 போடுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுவதையும் எடுப்பார், அக்கா பிடித்துக் கொடுப்பவர், காசு அடுத்த நாளே எடுத்தவருக்குப் போய்விடும் என்று விளக்கினேன். அந்தப் பிள்ளை கேட்டார், இது கடனா? இல்லை. லொத்தரா? இல்லை. வட்டிக்குக் கொடுக்கிறாரா? முதலில் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் கழிவு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். கடைசியில் சீட்டில் இருந்த மூன்று பேரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தோம். அதில் ஒருவர் தன் பெயர் அரசாங்கக் கடதாசியில் வந்துவிட்டது என்று அக்காவோடு இன்றைக்கும் கதைப்பதில்லை.

சொத்து வரம்பு தனி ஆளுக்கு 10,000 டொலர், சோடிக்கு 15,000. கையில் வரும் ஒவ்வொரு சதத்தையும் சொல்ல வேண்டும். இது நியாயமான கடமை என்பதுதான் என் கருத்து, பொதுக் காசு. மூன்று மாதம் உதவி எடுத்த பின் வேலை செய்தால் முதல் 200 டொலரை விட்டுவிடுவார்கள், அதற்கு மேலே பாதியைப் பிடிப்பார்கள். அதுவும் சரி, வேலைக்குப் போக ஒரு ஊக்கம் வேண்டும். சொல்லாமல் கையில் காசுக்கு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் கையில் காசு கொடுக்க ஒரு கை வேண்டுமே! அந்தச் சனிக்கிழமை தலையாட்டிய நாலு பேரில் ஒருவர் தன் கொத்துக் கடையில் யார் யாருக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரை யாரும் கள்ளன் என்று சொல்வதில்லை. 'பிஸ்னஸ் செய்கிறார்' என்கிறோம்.

ஏழு நாளுக்கு மேல் ஒன்ராறியோவை விட்டுப் போவதென்றால் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்றும் ஒரு விதி. ஊரில் தாய் செத்தால் எட்டுச் செலவு, அந்தியேட்டி 31 ஆம் நாள். கேட்டால் சில வேளை தருவார்கள். கேட்கப் பயந்து போகாமல் விட்டவர்களும் உண்டு, கேட்காமல் போய் வந்து மாட்டியவர்களும் உண்டு.

மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்ராறியோவின் சட்பரி நகரில் ஒரு கதை இருக்கிறது, எங்கள் ஆளில்லை. கிம்பர்லி ரொஜர்ஸ் என்று ஒரு பெண். கல்லூரியில் படிக்கும்போது மாணவர் கடனும் வெல்ஃபெயாரும் சேர்த்து எடுத்தார் என்று 2001 இல் தண்டித்தார்கள். ஆறு மாத வீட்டுக்காவல், கிழமைக்கு மூன்று மணி நேரம் வெளியே போகலாம். 13,000 டொலருக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும். உதவியையும் நிறுத்தினார்கள், வழக்குப் போட்டுத்தான் திரும்ப வந்தது. வந்ததிலும் கழித்துக்கொண்டு மாதம் 468 டொலர், வாடகை 450. மிச்சம் பதினெட்டு. ஆகஸ்டில், எட்டு மாதக் கர்ப்பிணியாக, அந்த வீட்டிலேயே இறந்து கிடந்தார். மரண விசாரணை ஜூரி 14 பரிந்துரைகள் கொடுத்தது. மோசடி என்றால் வாழ்நாள் முழுக்க வெல்ஃபெயார் கிடையாது என்று ஹாரிஸ் அரசு வைத்திருந்த விதியை 2003 கடைசியில் வந்த புது அரசு எடுத்தது. படித்தது அவருடைய குற்றம் என்று நான் சொல்லவில்லை, அவர் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். ஆனால் பதினெட்டு டொலர்!

எங்கள் வீடுகளுக்குள் வருகிற விதி வேறு. அம்மா அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் செய்யும்போது கையெழுத்து வைத்தோமே, அதை எத்தனை பேர் வாசித்தோம்? 2014 இலிருந்து அது இருபது வருடத்துக்கான பொறுப்பு, அதற்கு முன் பத்து வருடம். அந்தக் காலத்துக்குள் பெற்றோர் வெல்ஃபெயார் எடுத்தால் அந்தக் காசு பிள்ளையின் கடன். கட்டி முடிக்கும்வரை வேறு யாரையும் ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. மாவி வழக்கு என்று எட்டு ஸ்பொன்சர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2011 ஜூனில் தீர்ப்பு. கடன் கடன்தான், ஆனால் அவரவர் நிலைமையைக் கேட்டுத் தவணை கொடுக்க இடமுண்டு, கேட்காமலே பிடுங்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

இதனால் நடப்பது என்ன? மருமகளோடு ஒத்துப்போகாமல் தனியே போக நினைக்கிற ஒரு அம்மா, தான் உதவி கேட்டால் மகன் தலையில் விழும் என்று போகாமல் அதே பேஸ்மென்டில் இருக்கிறார். பத்து வருடம் இங்கே இருந்தால்தான் முதியோர் பென்சன், அவருக்கு ஆறுதான் ஆகிறது. உடுப்பு மடிக்கிறார், பேரப்பிள்ளையைப் பள்ளியால் கூட்டி வருகிறார். கையில் பஸ் காசு இல்லை. ஏசினால் அல்லது அடித்தால் அது வேறு விஷயம், அதைச் சொன்னால் அலுவலகம் கணக்கில் எடுக்கும். ஆனால் எந்த அம்மா கவுன்டரில் நின்று, நான் மொழிபெயர்க்க, பெற்ற மகன் அடித்தான் என்று சொல்வார்? என்னிடம் ஒரு அம்மா தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் சொல்ல விடவில்லை.

எல்லா விதிக்குள்ளும் ஒரு குடும்பம் ஒளிந்திருக்கிறது, அது எங்கள் குடும்பம் இல்லை. ஒரே வீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் மூன்று மாதம் இருந்து, செலவும் வாழ்க்கையும் சேர்ந்து இருப்பதாகப் பட்டால் கணவன் மனைவி என்று எடுத்துக்கொள்ளலாம். 1995 வரை இதற்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. ஹாரிஸ் அதை எடுத்துவிட, தனித்தாய்மார் கொஞ்சப் பேரின் உதவி நின்றது, அவர்கள் வழக்குப் போட்டு 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள், பிறகுதான் இந்த மூன்று மாதம் வந்தது. சேர்ந்து சமைக்கிறீர்களா, சாமான் யார் வாங்குவது என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு பானைச் சோற்றில் ஏழு பேர் சாப்பிட்டு வளர்ந்த எங்களிடம்!

அந்த அக்காவுக்குப் போன கிழமை புதுப் படிவம் ஒன்று வந்திருந்தது. வீட்டில் உள்ள மற்றவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி, பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். அக்கா பேனையை வைத்துக்கொண்டு கன நேரம் யோசித்தார்.

"தம்பி, ஒண்டுவிட்ட அண்ணற்ற மனுசியின்ர தாய். இதுக்கு எந்தப் பெட்டியில புள்ளடி போடுறது?"

வாடகைக்கு இருப்பவர் என்ற பெட்டியில் போட்டோம். அந்த அம்மா உள்ளே எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.