ரேஞ்ச் கேட்டேன், விளக்கைப் போட்டுக் காட்டினார்கள்

ஏசி ஓட, நான்கு பேர் உட்கார்ந்திருக்க, நெடுஞ்சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்த மின்சார வண்டி ஒரு முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இதைத்தான் ரேஞ்ச் என்கிறார்கள். இவ்வளவுதான் நான் கேட்டது. இருபது லட்சத்துக்கு மேல் விலை சொல்கிற இடத்தில் இந்த ஒரு கேள்விக்கு விடை வாங்க முடியாமல் நேற்று மாலை முழுவதையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். வண்டியின் பெயரும் ஷோரூமின் பெயரும் வேண்டாம். முதுகு சரிந்த, அதாவது கூரை பின்பக்கம் தாழ்ந்து இறங்கும் மின்சார எஸ்யூவி ஒன்றைப் பார்க்கப் போன யாருக்கும் இது புதிதாக இருக்காது.

முதல் முறை கேட்டபோது விற்பனையாளர் விளம்பரத் தாளில் இருந்த எண்ணைச் சொன்னார். அது சோதனைக்கூடத்துக் கணக்கு, சாலையில் எவ்வளவு வரும் என்றேன். "அது ஓட்டுகிறவரைப் பொறுத்தது சார்" என்றார். சரி, ஓட்டப்போகிறவன் நான்தான், நூறில் சீராக ஓட்டுவேன், சொல்லுங்கள் என்றேன். கதவைத் திறந்து உள்ளே ஓடுகிற விளக்குப் பட்டையைப் போட்டுக் காட்டினார். நீலம், ஊதா, ஆரஞ்சு. நம் மனநிலைக்கு ஏற்ற நிறத்தை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். என் மனநிலைக்கு ஏற்ற நிறம் அந்த நேரத்தில் சிவப்பு. அதையும் போட்டுக் காட்டினார்.

மறுபடியும் கேட்டேன். கண்ணாடிக் கூரையைக் காட்டினார். மறுபடியும் கேட்டேன். ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையைச் சொல்லி, வண்டியே அதிரும்படி ஒரு பாட்டைப் போட்டார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டேன். மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் கைகுலுக்கிவிட்டு, "முன்பணம் எவ்வளவு கட்டுவதாக இருக்கிறீர்கள் சார்?" என்று தொடங்கினார். ரேஞ்ச் கேட்டவனிடம் தவணைக் கணக்கா? அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "ஒரு முறை ஓட்டிப் பாருங்கள் சார், அப்புறம் நீங்களே ரேஞ்ச் பற்றிக் கேட்க மாட்டீர்கள்" என்றார்.

ஓட்டினேன். ஷோரூம் வாசலிலிருந்து சர்வீஸ் சாலை, வேகத்தடைகள், ஒரு யூ திருப்பம், திரும்பி வாசல். பைபாஸ் வரை போகலாமே என்றால் அனுமதி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த விற்பனையாளர், நான் கேட்காமலேயே வண்டி சீறிப் பாயும் ஸ்போர்ட் நிலைக்கு மாற்றி, "இப்போது அழுத்துங்கள் சார்" என்கிறார். எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ வருகிறது. எங்கே அழுத்துவது? நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் செலவாகிறது என்று காட்டும் திரையை எடுங்கள் என்றேன். பாட்டு, வரைபடம், இருக்கை, விளக்கு, மறுபடியும் பாட்டு என்று எல்லாத் திரைகளையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசிவரை அந்தத் திரை கிடைக்கவில்லை. தினமும் இந்த வண்டியை விற்கிறவருக்கு அது இருக்கும் இடமே தெரியவில்லை! அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் விளக்கை மட்டுமே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

விடை தெரியாத கேள்வியா இது? கம்பெனிகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. டாடா கர்வ் மின்சார வண்டி 2024 ஆகஸ்டில் வந்தபோது, 55 யூனிட் பேட்டரிக்கு 585 கிலோமீட்டர் என்று சான்றளிக்கப்பட்ட எண் வந்தது. அதே கம்பெனி, நடைமுறையில் 400 முதல் 425 என்று இன்னொரு எண்ணையும் சொன்னது. மஹிந்திரா பிஇ 6 அதே ஆண்டு நவம்பரில் சென்னையில்தான் அறிமுகமானது. 79 யூனிட் பேட்டரிக்குச் சான்றிதழில் 682. நடைமுறையில் 500-க்கு மேல் என்றார்கள். இந்த இரண்டாவது எண் ஏன் ஷோரூம் சுவரில் இல்லை?

சான்றிதழ் எண் பொய்யில்லை. ஆனால் நாம் ஓட்டுவதுபோல் அந்தச் சோதனையில் ஓட்டுவதில்லை. இந்தியச் சோதனை முறையின் நகரப் பகுதியில் உச்ச வேகம் 50. நெடுஞ்சாலைப் பகுதியில் 90, அதுவும் சிறிது நேரம்தான். ஏசி கிடையாது. சித்திரை மாதத்தில் விழுப்புரம் தாண்டி ஏசி இல்லாமல் யார் போவார்கள்? 80-லிருந்து 100-க்கு வேகத்தைக் கூட்டினாலே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. கூரையைச் சரித்தால் காற்று சற்று எளிதாக வழுக்கிப் போகும் என்பது உண்மைதான். அதற்காக இயற்பியல் நமக்குத் தள்ளுபடி தரப் போவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 55 யூனிட் பேட்டரி 300 சொச்சம் ஓடும். வழியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்க யாருக்கும் துணிவு வராது. எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகமும் குறைந்துவிடும். ஆகவே ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே கையில் இருப்பது எழுபது சதவீதம், அதாவது 210 கிலோமீட்டர் அளவுதான். மதுரை சென்னையிலிருந்து 460 கிலோமீட்டருக்குப் பக்கம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று திட்டமிட்டுப் போகலாம், தாராளமாகப் போகலாம். அதை ஒளிக்காமல் சொல்லுங்கள் என்றுதான் கத்துகிறேன்.

அம்மாவும் உடன் வந்திருந்தார். பின்கதவு வழியே ஏறும்போது கதவின் மேல்விளிம்பு நெற்றியில் இடித்தது. கூரை பின்பக்கம் சரிகிறதல்லவா, குனிந்துதான் ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர் குனிந்துகொண்டே எப்படிக் காலைத் தூக்கி வைப்பார்? உள்ளே உட்கார்ந்ததும் தலைக்கு மேலே விரல் அளவு இடம். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் தரையும் உயரம். தொடைக்குத் தாங்கல் இல்லாமல் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. "அம்மா, ஓரிரு நாளில் பழகிவிடும்" என்றார் விற்பனையாளர். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் எதற்காக இதற்குப் பழக வேண்டும்? முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தால் தபால் பெட்டியின் வாய் அளவுக்கு ஒரு துண்டு சாலை தெரிகிறது. டிக்கி எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறார்களே, சரிந்த கண்ணாடிக்குக் கீழே பெரிய பெட்டியை நிமிர்த்தி வைக்க முடியுமா என்று எழுதினார்களா? வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். வீட்டிலேயே உயரமான ஆளைப் பின்னால் உட்கார வைத்துப் பாருங்கள். ஷோரூம்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது சார்ஜர். பிஇ 6 வந்தபோது சொன்ன 18.90 லட்சத்தில் சார்ஜர் சேரவில்லை, 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 50,000, 11.2 கிலோவாட்டுக்கு 75,000 தனியாக. விலைப்பட்டியலை வரிக்கு வரி படிக்காதவருக்கு இது கடைசி நாளில்தான் தெரியும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அதில் கிடைக்கும் 3.3 கிலோவாட்டில் 79 யூனிட்டை நிரப்ப ஒரு நாள் முழுக்க ஆகும்! அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவரென்றால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலிருந்தே வண்டிக்கு சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022-லேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. அதைச் செயலாளரிடம் காட்டினால், தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்பார். அதே தளத்தில் பெட்ரோல் நிரம்பிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கு யார் பொறுப்பு?

டயரின் விலையையும் கேட்டுவிடுங்கள். 18, 19 அங்குலச் சக்கரம் பார்க்க அழகு. கனமான வண்டி, மெலிந்த டயர் விளிம்பு, நம் ஊர்க் குழிகள். பேட்டரிக்கு ஆயுள் உத்தரவாதம் என்றால், வண்டியை விற்ற பிறகு வாங்குகிறவருக்கும் அது அப்படியே போகுமா என்று தாளில் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இவ்வளவுக்கும் அந்த வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. சத்தமில்லாமல் நகர்கிற விதம் பிடித்திருக்கிறது, புகை இல்லாதது பிடித்திருக்கிறது. வாங்கத் தயாராகப் போனவனையே இப்படித் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதுதான் ஆத்திரம்.

விளக்கு என்றதும் இன்னொன்று. இரவில் எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியும் வெள்ளை வெளேரென்று ஹை பீமைப் போட்டுக்கொண்டு வருகிறதே, அதைக் கேட்க ஆளே இல்லையா? எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்க முகப்பு விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு வைக்காவிட்டால் போலீஸ்காரர் வண்டியை நிறுத்திய காலம் இருந்தது. இப்போது கண் கூசி நாம்தான் ஓரமாக நிற்கிறோம். ஒளியைத் தாழ்த்தும் டிப் சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, இறக்குங்கள் ஐயா!