அந்த ‘என்று’ எங்கே போனது?

நெடுநாள் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு படம் பகிர்ந்தார். அவருக்குப் பிடிக்காத தலைவர் ஒருவரின் முகம், பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம். படித்தவுடன் ரத்தம் கொதிக்கும். “எங்கே, எப்போது பேசினார்?” என்று கேட்டேன். “ஊருக்கே தெரியும்” என்றார். மறுபடி கேட்டேன். “நீங்கள் எப்போது அந்தக் கட்சிக்குப் போனீர்கள்?” என்று இன்னொருவர் உள்ளே நுழைந்தார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் நாற்பது நிமிடக் காணொளி ஒன்றின் இணைப்பு வந்தது.

உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். 27-ஆம் நிமிடத்தில் அந்த வாக்கியம் இருக்கிறது. ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “என்று நம்மை எதிர்ப்பவர்கள் சொல்லித் திரிகிறார்கள்” என்று தொடர்கிறார். தமிழில் அடுத்தவர் பேச்சை முதலில் சொல்லி முடித்த பிறகுதான் ‘என்று’ வருகிறது. அதற்கு ஒரு நொடி முன்னால் கத்தரித்துவிட்டால் போதும், மறுத்துப் பேசியவரே அதைச் சொன்னவராகிவிடுவார். புதிதாக ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

நிமிடக் கணக்கோடு நண்பருக்கு எழுதினேன். “இதைச் சொல்லாவிட்டால் என்ன? அவர் அப்படிப்பட்ட ஆள்தான்” என்று பதில் வந்தது. அந்தப் பொய்யைவிட இந்தப் பதில்தான் என்னைச் சுடுகிறது. அந்தத் தலைவர் மீது எனக்கும் குறைகள் உண்டு. அவர் போட்ட கையெழுத்துகள் இருக்கின்றன, சபையில் பேசியதும் வாக்களித்ததும் பதிவாகியிருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்துக் கேட்கலாமே! சொல்லாததைச் சொன்னதாகப் பரப்பினால், செய்ததற்கும் அவர் பதில் சொல்லாமல் தப்பித்துவிடுவார்.

“இல்லை என்றால் நீ நிரூபி” என்பது இன்னொரு வழக்கமான பதில். நடக்காத சந்திப்புக்கு யார் புகைப்படம் காட்டுவது? வாங்காத பணத்துக்கு ஏது ரசீது? நிரூபிக்கும் பொறுப்பு சொல்பவருக்கு, மறுப்பவருக்கு அல்ல என்பது 533-இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது.

ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திச் சங்கிலிகளை (ஒரு பதிவும் அதன் மறுபகிர்வுகளும் சேர்ந்தது ஒரு சங்கிலி) அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. மிக வேகமாகவும் பரவலாகவும் பரவியவை அரசியல் பொய்கள். தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் இதே கதைதான். ஆக, பொத்தானை அழுத்தும் விரல்கள் நம்முடையவை.

என் விரலும் அதில் உண்டு. சில மாதங்களுக்கு முன் என் தரப்புக்குச் சாதகமான வரைபடம் ஒன்றைப் பகிர்ந்தேன். ஒரு தூண் இன்னொன்றைப் போல் இரண்டரை மடங்கு உயரம். முன்பின் தெரியாத ஒரு பெண், “அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன், தூண்களின் உயரத்தைக் காட்டும் எண்வரிசை பூஜ்யத்தில் அல்ல, 90-இல் தொடங்கியிருந்தது. உண்மையான வித்தியாசம் 92-க்கும் 95-க்கும் இடையில்தான். எதிர்த்தரப்பு போட்டிருந்தால் முதல் நொடியிலேயே கண்டுபிடித்திருப்பேன். பதிவை நீக்கினேன், ஏன் நீக்கினேன் என்றும் எழுதினேன்.

ஆதாரம் கேட்பதையே தொல்லை கொடுக்கும் கருவியாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கொடுத்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுத்ததைக் கேட்பார்கள், அதையும் கொடுத்தால் இன்னொன்று. கேட்டவருக்கும் ஒரு கடமை உண்டு: வந்ததைப் படிக்க வேண்டும், சரியாக இருந்தால் கேட்ட இடத்திலேயே “சரி, ஏற்றுக்கொள்கிறேன்” என்று எழுத வேண்டும். அதற்கு மனம் இல்லாதவர் கேட்காமலே இருக்கலாம். நண்பர் அனுப்பிய நாற்பது நிமிடத்தையும் நான் பார்த்தது அதனால்தான். அந்த வாக்கியத்துக்குப் பின் ‘என்று’ வராமல் இருந்திருந்தால் அதையும் அங்கேயே எழுதியிருப்பேன்.

இன்று காலை அதே படத்தை வேறு ஒருவர் பகிர்ந்திருந்தார். முழு உரையின் இணைப்பைப் போட்டு, “27-ஆம் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் கேளுங்கள்” என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.