பள்ளிக்கூடம் என்ன ஆஸ்பத்திரியா?

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், மகளின் பள்ளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டேன். நடந்ததை அன்றைக்கே இங்கே எழுதிவிட்டேன், முழுதாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கிடைத்த பதில் இது: "மேடம், இது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இல்லை." அந்தப் பதிலைக்கூட விட்டுவிடலாம். அதற்குச் சிரித்தார்களே பின்வரிசைப் பெற்றோர்கள், அதைத்தான் விழுங்க முடியவில்லை.

நான் என்ன ஆபரேஷன் தியேட்டரா கேட்டேன்? ஒரு நர்ஸ், ஒரு கட்டில், இன்சுலின் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ். ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரே ஒரு நர்ஸ்.

புதிதாக வந்தவர்களுக்காக: என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை. வயது ஒன்பது. தினமும் 12:40-க்கு ஆபீஸிலிருந்து ஸ்கூட்டியில் போகிறேன். சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாக, வாட்ச்மேன் அண்ணன் எழுந்து கொடுக்கும் ஸ்டூலில் அவளை உட்கார வைத்து, விரலைக் குத்தி சுகர் பார்த்து, இன்சுலின் பேனா ஊசியில் அளவைத் திருகி, வயிற்றில் போடுகிறேன். சட்டையைத் தூக்குவதற்கு முன்னால் பையன்கள் யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குள் என் டிஃபன் நேரம் முடிந்திருக்கும்.

போன மாதம் ஒருநாள் மூன்றாவது பீரியடில் அவளுக்கு சுகர் 54. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே ஏதாவது இனிப்பு கொடுக்க வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, மேஜையில் சாய்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறார்கள். குளுக்கோஸ் பைக்குள் இருக்கிறது, பை வகுப்புக்கு வெளியே ரேக்கில் இருக்கிறது.

டீச்சரைக் குறை சொல்கிறேன் என்று உடனே கிளம்பி வராதீர்கள். என் அக்காவே அரசுப் பள்ளி ஆசிரியை. வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையிடமும் "ஆ காட்டு" என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். இல்லாவிட்டால் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிடுவார்களாம். பாடம் நடத்தவும் தேர்வுத்தாள் திருத்தவுமே நேரமில்லாதவர்களிடம் இன்சுலினும் போடு என்றால் அது அநியாயம். இந்த ஒரு எதிர்ப்பை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நர்ஸ் கேட்கிறேன்.

"அரசுத் திட்டம் இருக்கிறதே" என்று அந்தப் பதிவின் கமெண்டில் ஒருவர். இருக்கிறது. தேசிய சிறார் நலத் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. மருத்துவக் குழு வண்டியில் வந்து பார்த்து, குறை இருந்தால் மேல்சிகிச்சைக்கு அனுப்பும். நல்ல திட்டம்தான், அதில் இதய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டுப் பிழைத்த பிள்ளைகள் உண்டு. ஆனால் பள்ளிக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு மட்டும். என் மகளுக்கு சுகர் இறங்குவது அந்த ஒரு நாளிலா?

அதனால்தான் பள்ளிக்கு ஒரு நர்ஸ் கட்டாயம் என்று சட்டம் வேண்டும், சட்டம் வேண்டும் என்று கத்துகிறேன். சுற்றறிக்கை போதாது, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, மழை வந்தால் கிழிந்துவிடும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது, படித்துப் பாருங்கள். வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், நூலகத்துக்கு செய்தித்தாள்கூட எழுதியிருக்கிறார்கள். பேப்பர் வேண்டும் என்று யோசித்தவர்களுக்கு, உடம்பு முடியாத பிள்ளை படுக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றவில்லை.

இதற்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, நம் சட்டமன்றமே செய்யலாம். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாகாணம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, அந்தப் பெருமையில் பள்ளிக்கு ஒரு நர்ஸ் என்று ஒரு பிரிவு சேர்த்தால் குறைந்தா போய்விடும்? அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் சேர்த்து.

"ஃபீஸ் ஏறும்." ஏறட்டும். ஆண்டுவிழா லைட்டிங்குக்கு ஏறாததா?

"அவ்வளவு பிரச்சினை என்றால் அம்மா வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாமே." இதை எழுதியது என்னோடு கல்லூரியில் படித்த பெண். இதற்கு நான்கு பாரா அடித்து, அழித்துவிட்டேன். அப்பாவை வேலையை விடச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. இந்த ஊரில் சட்டம் எப்போது வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கும்பகோணத்தில் 2004-ல் 94 பிள்ளைகள் எரிந்த பிறகுதான் கூரைக் கொட்டகையைப் பிரித்தோம். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து செத்த பிறகுதான் பேருந்துகளுக்குத் தனி விதி வந்தது. இதற்கு யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிக்கும்போது ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், வியர்த்திருக்கிறதா என்று.

அப்புறம், கமெண்டில் நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய் ஜூஸ் சொல்ல வருகிறவர்களுக்கு: அவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, வெளியிலிருந்துதான் போட வேண்டும். "சின்ன வயசில் நிறைய சாக்லேட் கொடுத்தீர்களா?" என்று கேட்கிறவர்களை நேராக பிளாக் செய்துவிடுவேன். சனிக்கிழமை சிரித்தவர்களில் இரண்டு பேர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில்தான் இருக்கிறார்கள், இதைப் படிப்பார்கள்.