ஸ்டார் வார்ஸ் கடைசிப் படமும் ஒரு டின் முறுக்கும்

2019-ல் வந்த படம். இனிமேலும் ஸ்பாய்லர் போட்டுட்டீங்க என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது. கதையை முழுசாகப் போட்டு உடைக்கப் போகிறேன்.

அக்கா மகனுக்கு 11 வயது. ஒன்பது சனிக்கிழமையாக அவனும் நானும் ஸ்டார் வார்ஸ் பார்த்து வந்தோம். வாரத்துக்கு ஒன்று, வெளிவந்த வரிசையில், 1977-ல் வந்ததில் தொடங்கி. போன சனிக்கிழமை ஒன்பதாவதும் கடைசியுமான ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’. அவன் மடியில் அக்கா சுட்ட முறுக்கு, ஒரு டின் நிறைய. படம் ஓடும்போது பையன் வாய் ஓயாது. பேச மாட்டான், நொறுக் நொறுக்கென்று கடித்துக்கொண்டே இருப்பான்.

இதே படத்தை 2019 டிசம்பரில் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து பார்க்கிங்கிலேயே நண்பர்களோடு ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறேன். என் கட்சி அன்று ஊரே சொன்னதுதான். பழைய படங்களின் பெரிய வில்லனான பேரரசன் பால்பட்டீனைத் திரும்பக் கொண்டு வந்தது துரோகம். 1983 படத்தில் அவனுடைய கறுப்பு முகமூடித் தளபதி வேடர், பெற்ற மகன் லூக்கைக் காப்பாற்ற அந்தக் கிழவனைத் தூக்கிப் பாதாளத்தில் எறிந்து, அதனாலேயே தானும் சாகிறான். ஆறு படத்துக் கதையும் போய் நிற்கிற இடம் அது. அந்தக் கிழவன் பிழைத்துவிட்டான் என்றால் வேடர் செத்தது எதற்கு? எப்படிப் பிழைத்தான் என்றாவது சொன்னார்களா? நாயகர் கூட்டத்துப் பைலட் போ டேமரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ‘எப்படியோ திரும்பி வந்துவிட்டான்’ என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறான். அந்த வரி இன்றுவரை மீமாக ஓடுகிறது. இதைவிடக் கூத்து, படம் தொடங்கும்போது ஓடுகிற எழுத்தில் செத்தவன் பேசுகிறான் என்று வரும். அவன் என்னதான் பேசினான் என்று கேட்க வேண்டுமானால் நீங்கள் முந்தின வாரம் ஃபோர்ட்நைட் வீடியோ கேம் விளையாடியிருக்க வேண்டும். அங்கேதான் அதை ஒலிபரப்பினார்கள்!

இந்த முறை பார்த்ததில் என் கட்சி மாறிவிட்டது. பால்பட்டீன் வந்தது வெறும் காய்ச்சல்தான். நோய் வேறு. இந்தப் படத்துக்கு எதையும் இழக்க மனசு வரவில்லை.

அது எனக்கு உறைத்தது முறுக்கால்தான். பாலைவனக் காட்சி. நாயகர்களின் தோழன், உடம்பெல்லாம் ரோமமான சூபாக்காவைப் பிடித்து ஏற்றிய விண்கப்பல் மேலே எழும்புகிறது. கதாநாயகி ரே கையை நீட்டித் தொடாமலே அதைப் பிடித்து இழுக்கிறாள், எதிரணித் தலைவன் கைலோ ரென் மறுபக்கம் இழுக்கிறான். திடீரென்று அவள் விரலிலிருந்து மின்னல் பாய்ந்து கப்பல் வெடித்துச் சிதறுகிறது. நொறுக் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாதி கடித்த முறுக்கு வாயருகே அப்படியே நிற்கிறது. “மாமா, செத்துட்டானா?” நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. சில நிமிடத்தில் சூபாக்கா வேறொரு கப்பலில் சங்கிலியோடு குத்துக்கல்லாட்டம் நிற்கிறான். அது வேறு கப்பலாம். பையன் ‘ஓ’ என்றான். நொறுக் நொறுக்.

யோசித்துப் பாருங்கள். கதாநாயகி தன்னை மீறி வந்த சக்தியால் தன் நண்பனையே கொன்றுவிட்டாள். என்ன ஒரு முடிச்சு! அந்தக் குற்றவுணர்ச்சியோடு அவள் மீதிப் படத்தைச் சுமந்திருந்தால் இது வேறு படம். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டிவிட்டார்கள்.

அடுத்தது த்ரீபிஓ என்கிற ரோபோ. பால்பட்டீனைத் தேடிப் போக உதவும் ஒரு கத்தியில் இருக்கும் சித் மொழி (தீயவர் கூட்டத்தின் மொழி) எழுத்து அதற்குப் படிக்கத் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் தடை. தடையை நீக்கினால் ஞாபகம் மொத்தமும் அழிந்துவிடும். நாற்பது வருஷமாகப் புலம்பலும் பயமுமாகவே திரிந்த அந்தப் பொன்னிறப் பொம்மை, கடைசியாக ஒருமுறை நண்பர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொள்கிறது. 2019-ல் தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. போன வாரம் பக்கத்தில் நொறுக் சத்தம் நிற்கவே இல்லை. பையன் பாடம் படித்துவிட்டான். அவன் நினைத்தபடியே கொஞ்ச நேரத்தில் கூட்டாளி ரோபோ ஆர்டூ வந்து ஞாபகத்தை பேக்கப்பிலிருந்து ஏற்றிவிடுகிறது, நம்ம போன் ரீசெட் பண்ணிய பிறகு போட்டோவெல்லாம் திரும்பி வருகிற மாதிரி.

பிறகு கிஜிமி. ஒரு கிரகமே வெடிக்கிறது. அங்கே நமக்குத் தெரிந்த ஆட்கள் இரண்டு பேர்தான், இருவரும் க்ளைமாக்ஸுக்கு டாண் என்று வந்து நிற்கிறார்கள். ரே சாகிறாள், எழுந்து உட்காருகிறாள்.

பழைய படங்கள் இப்படியா இருந்தன? 1980-ல் லூக் ஒரு கையை இழந்தான். அதே மூச்சில், அப்பாவைப் பற்றி வைத்திருந்த நினைப்பையும் இழந்தான். அவன் நண்பன் ஹான் சோலோ உயிரோடு உறைந்து போனான், அவன் பிழைப்பானா என்று தெரிய ரசிகர்கள் மூன்று வருஷம் காத்திருந்தார்கள். அவ்வளவு ஏன், இந்த ஒன்பதில் சேராத தனிக் கதையான 2016-ன் ‘ரோக் ஒன்’ படத்தில் முக்கியப் பாத்திரம் ஒன்றுகூட மிஞ்சாது. அதைத்தான் இன்றைக்கும் பாதி ரசிகர்கள் தலையில் வைத்து ஆடுகிறார்கள். செலவழிக்கிற கதையைத்தான் ஜனம் நம்புகிறது.

ஏன் இப்படிப் பயந்தார்கள் என்பது தெரிந்த கதை. 2017-ல் ரையன் ஜான்சன் எட்டாவது படமான ‘தி லாஸ்ட் ஜெடை’ எடுத்தார். ரேயின் பெற்றோர் யாருமில்லை, குடிக்கக் காசுக்காக மகளை விற்ற சாதாரணர்கள் என்றார். லாயம் பெருக்குகிற ஒரு அநாதைச் சிறுவன் கையை நீட்ட, துடைப்பம் தானாக வந்து சேர்வதோடு படத்தை முடித்தார். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. (நான் அந்தப் படத்தின் பக்கம். கமெண்டில் வரிசையாக வாருங்கள்.) ஒன்பதாவதை இயக்க இருந்த காலின் ட்ரெவாரோ 2017 செப்டம்பரிலேயே விலகியிருந்தார். 2015-ல் ஏழாவதை எடுத்த ஜே.ஜே.ஏப்ரம்ஸைத் திரும்ப அழைத்தார்கள். வந்தவர் எதிரில் ஒரு புகார்ப் பெட்டி இருந்திருக்கும் போல. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பதில் எழுதியிருக்கிறார்.

எட்டாவது படத்தில் லூக் வாளைத் தோளுக்குப் பின்னால் வீசினானே என்று புகாரா? இதோ, ஆவியாக வந்து வாளைப் பிடித்து, மரியாதை வேண்டும் என்று பாடம் எடுக்கிறான். ரேக்குப் பெரிய இடத்துச் சொந்தம் இல்லையா? இதோ, பால்பட்டீனின் பேத்தி. அரங்கில் வில்லோடு வந்து நின்ற கர்ணனிடம் குலம் என்ன என்று கேட்ட அதே கேள்வி, விண்வெளிக்கும் போய்விட்டது. 1977 படத்தின் முடிவில் லூக்குக்கும் ஹானுக்கும் பதக்கம், பக்கத்தில் நின்ற சூபாக்காவுக்கு வெறும் கைதட்டல். அந்தக் குறைக்கும் 42 வருஷம் கழித்து மாஸ் கனாட்டா என்கிற பாத்திரத்தின் கையால் ஒரு பதக்கம்.

இந்தப் பதக்கத்துக்குச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ரோஸ் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோஸாக நடித்த கெல்லி மேரி டிரானை இணையத்தில் நிறத்தையும் இனத்தையும் சொல்லித் துரத்தித் துரத்தி அடித்தார்கள். 2018-ல் அவர் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்தார், நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். முந்தின படத்தில் நாயகர்களில் ஒருவனான ஃபின்னுக்கு இணையாக வந்த பாத்திரத்துக்கு இந்தப் படத்தில் கிடைத்தது ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். அதற்கு ஆயிரம் காரணம் சொன்னாலும், திரையில் பார்க்கிறவனுக்கு அடித்தவர்கள் ஜெயித்த மாதிரிதான் தெரிகிறது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இவ்வளவு சமாதானம் பேசியும் யாருக்கும் திருப்தி இல்லை. முந்தின இரண்டு படத்துக்கும் அமெரிக்கத் தியேட்டர்களில் பார்வையாளர்களைக் கேட்டு எடுத்த சினிமாஸ்கோர் மதிப்பெண் ‘ஏ’. இதற்கு ‘பி ப்ளஸ்’. வசூல் 107 கோடி டாலர், ஏழாவது படத்தின் 200 கோடிக்கு மேலான வசூலில் பாதிதான்.

மோசம் மட்டும் சொன்னால் பாவம். கைலோ ரென்னாக வரும் ஆடம் டிரைவர் இருக்கிறாரே, அந்த மனுஷனுக்குச் சுற்றிப் போட வேண்டும். ரே மாயமாக அனுப்பிய வாள் முதுகுக்குப் பின்னால் அவன் கையில் வந்து சேரும். எதிரே நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, இப்ப என்ன பண்ணுவீங்க என்கிற மாதிரி தோளைக் குலுக்குவான். அப்படியே கைலோவின் அப்பன் ஹான் சோலோ. வசனமே இல்லாமல் அப்பனைக் கொண்டு வந்துவிட்டார். அவன் நிஜமாகவே செத்தும் போகிறானே என்று கேட்பீர்கள். போகிறான். ஆனால் அதற்குப் பிறகு யாராவது அவன் பேரை எடுத்தார்களா? உடல் மறைந்த கையோடு கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. ஜான் வில்லியம்ஸ் மட்டும் ஒன்பது படத்துக்கும் ஒரே கையாக இசை போட்டு, கிஜிமி மதுக்கடையில் ஒரு நொடி தலையும் காட்டிவிட்டுப் போகிறார். கிழவர் மேல் எனக்குப் புகாரே கிடையாது.

கனமான காட்சி என்றால் ஒன்றே ஒன்று. லூக்கின் சகோதரி லேயா போய்விட்டாள் என்று சூபாக்காவிடம் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய உருவம், தரையில் மண்டியிட்டு விழுந்து ஓலமிடுகிறது. லேயாவாக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பர் 27-ல் காலமானார். இந்தப் படத்தில் அவர் வருவதெல்லாம் முன்பு எடுத்துச் சேர்க்காமல் விட்ட காட்சிகள். எங்கோ, எதற்கோ சொன்ன வரிகளைச் சுற்றி மற்றவர்கள் பேச வசனம் எழுதியிருக்கிறார்கள். இளம் லேயா வரும் ஃப்ளாஷ்பேக்கில் உடல் அவருடைய மகள் பில்லி லூர்டுடையது, முகம் மட்டும் அம்மாவுடையது. சூபாக்கா விழுகிற அந்த இடத்தில் எழுதியவருக்கு வேறு வழியே இல்லை. வேறு கப்பல் இல்லை, பேக்கப் இல்லை. அதனால்தான் வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

நொறுக் சத்தம் இரண்டாவது முறையாக நின்றது அங்கேதான். “இவங்களும் வந்துடுவாங்கதானே?”

“இல்லடா. அவங்க நெஜமாவே இல்ல.”

கொஞ்ச நேரம் டின்னை மூடி வைத்திருந்தான். கடைசிக் காட்சி. டாட்டூயின் கிரகத்தில் லூக் வளர்ந்த வீட்டில் ரே இரண்டு வாளையும் மணலில் புதைக்கிறாள், வழிப்போக்கக் கிழவி பேரைக் கேட்கிறாள், ரே நிமிர்ந்து பார்க்கிறாள். தூரத்தில் லூக்கும் லேயாவும் நீல ஒளியில் நின்று சிரிக்கிறார்கள்.

“பாத்தீங்களா மாமா, வந்துட்டாங்க!” என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி. டின் திறந்தது.

வரும் சனிக்கிழமை ‘ரோக் ஒன்’ போடலாம் என்று இருக்கிறேன். முறுக்கு கொஞ்சமாகச் சுட்டால் போதும் என்று அக்காவிடம் சொல்லியாயிற்று.